அட்டை மறைத்த கட்டில்

எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் ஓர் அட்டை இருக்கிறது. தாளெல்லாம் கிழித்து முடிந்த பிறகு மிஞ்சும் காலண்டர் அட்டை. ஒரு பக்கம் மகாலட்சுமியும் ஜவுளிக்கடை விளம்பரமும். மறுபக்கம் வெறும் பழுப்பு. மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி ஹாலில் உலக சினிமா போடுவார்கள். ஈரான், போலந்து, கொரியா என்று எல்லா நாடும் வரும். திரையில் யாராவது யாரையாவது முத்தமிடப் போகிறார்கள் என்றால் கழகத்தின் செயலாளர் எழுந்துபோய் புரொஜெக்டர் முன்னால் அந்த அட்டையைப் பிடிப்பார். குடும்பத்தோடு வருகிறார்கள் அல்லவா என்பது அவர் நியாயம். வந்தவர்களெல்லாம் எப்படிக் குடும்பமானார்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

அட்டை வந்துவிட்டால் ஹாலில் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. செல்போனை எடுத்துப் பார்ப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் மகனின் அட்மிஷன் என்னாயிற்று என்று விசாரிப்பார்கள். ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒரு பிரெஞ்சுப் படத்தில் கொலையே அட்டைக்குப் பின்னால் நடந்து முடிந்துவிட்டது. குத்தியது கணவனா காதலனா என்று கலந்துரையாடலில் வெகுநேரம் விவாதித்தார்கள். கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பார்த்துவிடலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு அந்தக் கழகத்தோடு சகவாசம் ஏற்பட்டது ஸ்பானிஷ் மொழியால். பெரிய கடை வீதியில் ஜிப்பும் பட்டனும் லேஸும் விற்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று என் அத்தா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். சம்பளம் அதிகம் என்று சொல்லிவைத்தேன். அதுவும் உண்மைதான். எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாடி போர்ஷனில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஸ்பானிஷ் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுகிறேன். செருப்பு அளவு சரியில்லை என்று அங்கே ஒருவர் கத்தினால் இங்கே நான் மன்னிப்புக் கேட்பேன்.

ஆனால் அந்த மொழியைப் படித்த காரணம் வேறு. கல்லூரி முடித்த வயதில், ஒரு பிரவுசிங் சென்டரில், ஒரு ஸ்பானிஷ் படத்தின் துண்டைத் தற்செயலாகப் பார்த்தேன். இரண்டு ஆண்கள் சமையலறையில் உப்புக்காகச் சண்டை போட்டார்கள். புருஷன் பெண்டாட்டி போடுகிற அதே சலிப்பான சண்டை. தமிழ் சினிமாவில் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவரை கிடைத்திருந்த வேலை, இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்து கதாநாயகனிடம் அறை வாங்கிப் போவதுதான். உப்புச் சண்டை போடும் அளவுக்கு எங்களை யாரும் மதித்ததில்லை. இவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்று ஒரு வெறி வந்தது. அப்படித்தான் படித்தேன்.

அதற்காக ஸ்பெயின்காரர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட மாட்டேன். இத்தனை வருஷத்தில் அவர்கள் லட்சணத்தையும் பார்த்தாயிற்று. பழைய படங்களில் எங்கள் ஆள் ஒருவன் வந்தால் பாதிப் படத்துக்கு மேல் உயிரோடு இருக்க மாட்டான். கத்திக்குத்து, இல்லாவிட்டால் நோய், அதுவும் இல்லாவிட்டால் தானே போய்க் கடலில் விழுவான். சாகாதவன் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு கீச்சுக்குரலில் கதாநாயகிக்கு யோசனை சொல்வான். பெண்ணை விரும்பும் பெண்களை ஆண் டைரக்டர்கள் எடுத்த விதத்தைப் பார்த்தால், அந்தப் பெண்களைவிட கேமராவுக்குத்தான் காய்ச்சல் அதிகம் என்று தெரியும். பிறகு இணையத் தொடர்கள் வந்தன. சாவு குறைந்தது, ஒப்புக்கொள்கிறேன். நல்லதாக ஒன்றிரண்டும் வந்தன. மற்றதிலெல்லாம் எல்லாருக்கும் பதினெட்டு வயசு, எல்லார் வீட்டிலும் நீச்சல் குளம், ஒருவனுக்கும் தொப்பை கிடையாது. வாடகை கொடுக்கும் தேதி வராது. ஊரிலிருந்து பெரியப்பா வர மாட்டார். எனக்கு நாற்பத்தொரு வயது, தொப்பையும் உண்டு. சாப்பிடும்போது துணைக்கு ஓடவிடுவேன், அவ்வளவுதான் அவற்றால் எனக்கு உபயோகம்.

அவை தமிழுக்கு வந்து சேர்கிற விதம் இன்னும் கேவலம். வெளிநாட்டுப் படங்களின் கதையைத் தமிழில் ஒப்பிக்கிற யூடியூப் சேனல்கள் இருக்கின்றன. மூச்சு விடாமல் ஒரே குரலில், "நம்ம ஹீரோ இப்போ அவரோட பெஸ்ட் ஃப்ரெண்டைப் பார்க்கப் போறாரு, ரொம்ப நாள் கழிச்சுப் பார்த்ததால ரெண்டு பேரும் எமோஷனல் ஆகிடுறாங்க" என்பார்கள். படத்தில் அந்த இருவரும் ஒரே போர்வைக்குள் இருப்பார்கள். போர்வையின்மேல் ஒரு பூனைப் படத்தை ஒட்டியிருப்பார்கள். கீழே ஒரு கூட்டம் வந்து, என்ன ஒரு நட்பு ப்ரோ, கண் கலங்கிவிட்டது என்று எழுதியிருக்கும். இன்னொரு கூட்டம் கலாச்சாரச் சீரழிவு என்று திட்டியிருக்கும். எனக்கு முதல் கூட்டத்தைவிட இரண்டாவது கூட்டம் தேவலை. அவர்களுக்காவது கண் தெரிகிறது.

இந்த வீடியோக்களை மிக விசுவாசமாகப் பார்க்கும் ஒருவர் என்னவருடைய அக்கா. என்னவர் என்றுதான் எழுதுவேன். நண்பர் என்கிற சொல்லை மேலே சொன்ன ஆட்கள் கெடுத்துவைத்திருக்கிறார்கள். என்னவர் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார். ஊரார் நெஞ்சுக்கூட்டையெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவர், தன் நெஞ்சில் இருப்பதை அக்காவிடம் சொன்னதில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக நாங்கள் ஒன்றாக இருக்கிறோம். வாரத்தில் பாதி நாள் என் போர்ஷனில் இருப்பார். வீட்டில் அதற்கு நைட் டூட்டி என்று பெயர். மீதி நாள் ஸ்ரீரங்கத்தில் அக்காவோடு.

அவர்கள் துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்தது அக்காதான். அக்காவின் கணவரும் சீக்கிரம் இறந்துவிட்டார். இப்போது அக்கா ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறார். நான் போனால் "வாங்க பாய், உக்காருங்க" என்று உடனே தட்டு வைத்துவிடுவார். சமைக்கும்போது அரிசி டப்பாவின்மேல் போனைச் சாய்த்துவைத்து அந்த வீடியோக்களை ஓடவிடுவார். "ஸ்பெயின்ல எல்லாரும் ரொம்பப் பாசக்காரங்களா இருக்காங்க பாய்" என்று ஒருமுறை சொன்னார். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

இந்த வருஷம் அக்கா தம்பிக்குப் பெண் பார்த்துவிட்டார். துறையூரில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. முப்பத்தெட்டு வயது மாப்பிள்ளைக்கு இப்படி ஓர் இடம் அமைந்ததே பெரிசு என்று அக்காவுக்குச் சந்தோஷம். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் பார்க்கப் போவதாக முடிவாயிற்று. என்னவர் அங்கே சரி என்று தலையாட்டிவிட்டு, எடமலைப்பட்டி புதூருக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டார்.

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"ஏன்னு கேட்பா."

"கேட்டா சொல்லு."

"என்னன்னு சொல்றது? எங்க வீட்டுல அதுக்கு வார்த்தையே இல்லப்பா."

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் எங்கள் வீட்டிலும் அந்த வார்த்தை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள்தான் கழகத்தின் ஜூன் மாதத் திரையிடல். வருஷத்தில் ஒரு மாதம் சோப்புக் கம்பெனியிலிருந்து பாங்க் வரை எல்லாரும் வானவில்லைப் பூசிக்கொள்கிறார்கள் அல்லவா, அந்த ஜூன். செயலாளருக்கும் ஆசை வந்துவிட்டது. "உலகமே கொண்டாடுதுங்க, நாமளும் முற்போக்கா ஒண்ணு போடுவோம். ஸ்பானிஷ் உங்களுக்குத்தான் தெரியுமே, நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்றார். சொன்னேன். போஸ்டர் வந்தது. மலைக்கோட்டைக்கு மேலே வானவில். கீழே 'மனிதநேயத்தின் பல வண்ணங்கள்' என்று தலைப்பு. தன்பாலின ஈர்ப்பு என்று தமிழில் நல்ல சொல் இருக்கிறதே, அதைப் போடுங்கள் என்றேன். "இடம் பத்தாதுங்க" என்றார். போஸ்டரில் பாதி இடத்தில் அவர் புகைப்படம் இருந்தது.

நான் சொன்ன படத்தில் யாரும் சாவதில்லை. அதற்காகவே தேர்ந்தெடுத்தேன். கடலே இல்லாத, வறண்ட ஒரு ஸ்பானிஷ் சிற்றூர். ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர் சலூன் வைத்திருக்கிறார்கள். மாடியில் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். ஒருவருடைய அக்கா வீட்டை இழந்து அவர்களோடு தங்க வருகிறாள். தம்பி பயந்துபோய், மற்றவரைத் தன் கடைப் பங்காளி என்று அறிமுகம் செய்துவைக்கிறான். பங்காளி கீழே சலூன் பெஞ்சில் படுத்துக்கொள்கிறார். முதுகு போய்விடுகிறது. அக்கா பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் கடைக்குப் போய், இரண்டு பேர் படுக்கிற அகலத்தில் ஒரு தேக்குக் கட்டில் வாங்கிக்கொண்டு வருகிறாள். அந்த இருவரையும் இரண்டு முனை பிடிக்கச் சொல்லி, நடுவில் தானும் முட்டுக்கொடுத்து, குறுகலான படிக்கட்டில் மாடிக்கு ஏற்றுகிறாள். தம்பி அறையில் போட்டு, இரண்டு தலையணை வைத்துவிட்டு, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுகிறாள். அங்கீகாரம், புரிதல் என்று ஒரு வார்த்தை பேசுவதில்லை. படமே அந்தக் கட்டில்தான்.

என்னவர் என் மடிக்கணினியில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "நான் அக்காவைக் கூட்டிட்டு வரேன். இந்தக் கட்டில் தூக்குற எடத்தை அவ பார்த்துட்டாப் போதும். மீதியை நான் சொல்லிடுவேன்" என்றார்.

"நெஜமா சொல்லுவியா?"

"சொல்லிடுவேன். ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி சொல்லிடுவேன்."

நான் ராப்பகலாக உட்கார்ந்து, திரையின் அடியில் வரும் வசனங்களைத் தமிழில் எழுதினேன். ஒரு பெண்மணி படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதினேன், கழகத்துக்காக இல்லை. படத்தின் முடிவில் பக்கத்துக் கடைக்காரர் கேட்கும்போது தம்பி சொல்லும் பதிலை, 'நாங்கள் குடும்பம் நடத்துகிறோம்' என்று எழுதியிருந்தேன். செயலாளர் அதைத் திருத்தி, 'நாங்கள் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம்' என்று மாற்றிவிட்டார். ஐம்பது வயது மனிதர்கள் இருவரும் சலூனுக்கு மேலே பேச்சிலர் ரூம் எடுத்திருக்கிறார்கள் என்று ஊர் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். சண்டை போட்டேன். "மெல்ல மெல்லத்தாங்க சொல்லணும்" என்றார். கட்டில் காட்சியில் வசனமே அதிகமில்லை, அதில் கைவைக்க இவருக்கு ஒன்றுமில்லை என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

சனிக்கிழமை அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். முன்வரிசையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். நானும் என்னவரும் பின்னால், புரொஜெக்டருக்குப் பக்கத்தில். மறுநாள் துறையூருக்கு எடுத்துப்போகப் பழம் வாங்கியாயிற்றா என்று அக்கா திரும்பிப் பார்த்துக் கேட்டார். என்னவர் ஆயிற்று என்றார்.

படம் ஓடியது. சலூன் வந்தது, அக்கா வந்தாள், பெஞ்ச் வந்தது. அந்தப் பங்காளி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது எங்கள் அக்கா உச்சுக்கொட்டுவது எனக்குக் கேட்டது. திரையில் அக்கா மரச்சாமான் கடைக்குள் நுழைந்தாள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். மகாலட்சுமி எங்களைப் பார்க்கும்படியாக அட்டையைப் பிடித்தார்.

ஹால் இருட்டானது. ஒலி மட்டும் ஓடியது. இரண்டு ஆண்கள் மூச்சு வாங்கும் சத்தம். முனகல். மரம் கிறீச்சிடும் சத்தம். ஒருவர் அம்மா என்று அலறுகிறார். ஒரு பெண் குரல், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அதட்டுகிறது. ஸ்பானிஷ் தெரியாத ஹாலுக்கு, ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. ஒருவரும் செல்போனை எடுக்கவில்லை. தொண்டையைச் செருமினார்கள். ஒருவர் தன் மகளை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனார். கட்டில் சுவரில் இடித்தது, மறுபடி இடித்தது.

நான் எழுந்துபோய் செயலாளரின் காதருகில் சொன்னேன். "சார், அட்டையை எடுங்க. அது கட்டில் சீன் சார்!"

"கட்டில் சீன்னு நீங்களே சொல்றீங்களே!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உலக சினிமாவுக்காகவே உயிர் வாழ்வதாகச் சொல்லும் அந்த மனிதர், படத்தை வீட்டில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். நேரமில்லையாம். முத்தம் எப்போது வருகிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறார். ஹாலில் படம் சாதாரண வேகத்தில் ஓடியது, அதனால் அவர் குறித்த நேரத்தில் முத்தம் வரவில்லை, கட்டில்தான் வந்தது. இந்த ஊரில் முற்போக்கும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது.

அட்டை விலகியபோது கட்டில் மாடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. செயலாளர் திருப்தியோடு கீழே போய், வெகுநேரம் கழித்து டீயோடு வந்தார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் புழுக்கம் தாங்காமல் அட்டையை வாங்கி விசிறிக்கொண்டிருந்தார். அப்போது வந்தது அந்த முத்தம். ஒருவர் மற்றவருக்குக் கண்ணில் மருந்து விடுகிறார். கன்னத்தில் வழிந்ததைக் கட்டைவிரலால் துடைக்கிறார். துடைத்த இடத்தில் முத்தமிடுகிறார், பிறகு வாயில். அவ்வளவுதான். செயலாளர் டீயைக் கொட்டிக்கொண்டு அட்டையைத் தேடினார். அதற்குள் அந்த இருவரும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியே போனார்கள். ஹால் கூரை இடிந்து விழவில்லை.

என்னவர் திரையைப் பார்க்கவில்லை. "கட்டிலைக் காட்டலையே" என்று மட்டும் சொன்னார். அவர் ஒரு மாதமாகச் சேர்த்துவைத்த தைரியம் முழுக்க அந்த இருட்டில் போய்விட்டது எனக்குத் தெரிந்தது. அக்கா பார்க்க வேண்டிய ஒரே இடத்தை அக்கா பார்க்கவில்லை. செயலாளரைக் கழுத்தைப் பிடித்து மாடியிலிருந்து தள்ளலாமா என்றிருந்தது.

விளக்கு போட்டதும் கலந்துரையாடல். முறுக்கு வந்தது. ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர், இந்த வறண்ட நிலம் ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்கான குறியீடு என்றார். இன்னொருவர், சலூன் கத்தரிக்கோல் தொழிலாளி வர்க்கத்தின் குறியீடு என்றார். கண் மருந்து என்பது சமூகம் பார்வை பெறுவதன் குறியீடாம். சென்னையிலிருந்து வந்திருந்த, இன்ஸ்டாகிராமில் ஏதோ பக்கம் நடத்தும் ஒரு பையன், திரைக்கு முன்னால் தன்னைத்தானே படம் பிடித்துக்கொண்டான். ஒரு கவிஞர் மைக்கை வாங்கி, இது ஆழமான நட்பின் கதை, இப்படி ஒரு நட்பு நமக்கு வாய்க்குமா என்று உருகினார். கைதட்டினார்கள். இரண்டு ஆண்கள் வாயில் முத்தமிட்டுக்கொண்டதைப் பார்த்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இவர்களுக்கு அட்டையே தேவையில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மொழிபெயர்த்தவர் என்று என்னிடமும் மைக்கைக் கொடுத்தார்கள். "நீங்க அட்டை வெச்சு மறைச்ச எடத்துல மூணு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிட்டு மாடி ஏறினாங்க. மூச்சு வாங்கினது அதனாலதான். கட்டில் தேக்கு" என்றேன். ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. பேராசிரியருக்கே புரை ஏறிவிட்டது. செயலாளர் முகம் சிறுத்துப்போய், நேரமின்மை காரணமாக என்று மைக்கை வாங்கிக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றோம். சனிக்கிழமைக் கூட்டம். பஸ் ஒன்று வந்து, நின்று, போயிற்று. அக்கா ஏறவில்லை.

"பாய்" என்றார். "அந்தக் கட்டில் யாருக்கு?"

அடுத்த பஸ் வருகிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"மைக்கு உங்க கையில இருந்துச்சு. அத்தனை பேரையும் சிரிக்க வெச்சீங்க. கட்டில் யாருக்குன்னு சொல்லாமயே திருப்பிக் குடுத்துட்டீங்களே."

"அக்கா, அது வந்து…"

"எனக்குக் கண்ணு இல்லையா? யூடியூப்ல அவன் ஃப்ரெண்டு ஃப்ரெண்டுன்னு சொன்னா நானும் ஃப்ரெண்டுன்னா நினைச்சுக்கிட்டு இருந்தேன்? ரெண்டு பேரும் என்னை சினிமாவுக்குக் கூட்டிட்டு வந்து படம் காட்டுறீங்க. பத்து வருஷமா என் கையால சாப்பிடுறீங்களே பாய், உங்களுக்கு வாய் இல்லையா? சொந்தக் கதையைச் சொல்ல ஸ்பெயின்ல இருந்து ஆள் வரணுமா?"

இந்த ஊரில் ஒருவரையும் விட்டுவைக்காமல் ஏசித் தீர்க்கிற நான் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். அக்கா தம்பி பக்கம் திரும்பினார்.

"மனசுல யாராவது இருக்காங்களான்னு உன்கிட்ட கேட்டேன்ல? இல்லைன்னு சொன்னேல்ல? அந்தப் பொண்ணுக்கு முப்பத்திமூணு வயசுடா. இதுவரைக்கும் எத்தனை பேர் முன்னாடி காபித் தட்டோட நின்னிருக்கும்? நாளைக்கு உன் முன்னாடியும் வந்து நிக்கும். அதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தியா? இப்ப சொல்லு. என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

என்னவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. மறுநாள் இவர் துறையூருக்குப் போய்விடுவார் என்றே அந்த நிமிஷத்தில் நம்பினேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அக்கா தன் போனை எடுத்தார். பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டார்.

"நான்தாங்க, ஸ்ரீரங்கத்துல இருந்து. நாளைக்கு நாங்க வரலைங்க. இல்லைங்க, உங்க பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. தங்கமான பொண்ணு. குறையெல்லாம் எங்க பக்கம்தான். இவனுக்கு ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கு. எங்களுக்கே இன்னிக்குத்தான் தெரியும். மன்னிச்சுக்குங்க."

அந்தப் பக்கம் நிறையப் பேசினார்கள். அக்கா எல்லாத் திட்டுக்கும் ம், ம் என்றார். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"தெரிஞ்ச எடந்தாங்க. ரொம்ப வருஷப் பழக்கம். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர் வேலை பார்க்குது. வீட்டுல இருந்தேதான் வேலை. ஆமாங்க, நல்ல பொண்ணுதான்."

யூடியூப் குரல்காரனைத் திட்டினேன், செயலாளரைத் திட்டினேன், கவிஞரைத் திட்டினேன். அக்காவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்களுக்காகத்தான் பொய் சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும், தப்பித்தோம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

என்னவர் கையை நீட்டி அக்காவின் காதிலிருந்து போனை எடுத்தார்.

"அம்மா, நான் மாப்பிள்ளை பேசுறேன்" என்றார். "அக்கா உங்ககிட்ட பொய் சொல்லுது. பொண்ணு இல்லீங்க."

டிக்கெட் எடுக்கச் சொல்லி ஒரு கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலுக்கும் மேலே கேட்கும்படி, என்னவர் என் பெயரை, என் அத்தாவின் பெயரோடு சேர்த்து, முழுசாகச் சொன்னார்.